வடசென்னையின் பழைய ஆலைக் கட்டடத்துக்கு மறுவாழ்வு: உள்வடிவமைப்புக்கான முழுமையான வழிகாட்டி

தங்கசாலைத் தெருவின் வடகோடியில் இன்று அரசு அச்சகம் இயங்கும் வளாகம், ஒரு காலத்தில் கம்பெனி ஆட்சியின் நாணயங்கள் அடிக்கப்பட்ட தங்கசாலையாக இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் நாணயம் அடிப்பது நின்றதும் அங்கே அச்சு எந்திரங்கள் குடியேறின. ஒரு தொழிலுக்காக எழுந்த கட்டடத்தில் இன்னொரு தொழிலைக் குடிவைக்கும் வழக்கம் வடசென்னைக்குப் புதியதன்று. ஆனால் அண்மைக் காலத்தில் நாம் இடிப்பதற்கே பழகிவிட்டோம். பெரம்பூர், புளியந்தோப்புப் பகுதி மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வேலை கொடுத்த பக்கிங்ஹாம் கர்நாட்டிக் ஆலை 1996-இல் மூடப்பட்டது. அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிகள் எழுகின்றன. ராயபுரத்திலிருந்து 1856-இல் முதல் ரயில் புறப்பட்ட பிறகு தண்டவாளத்தையும் துறைமுகத்தையும் ஒட்டி எழுந்த கிடங்குகள், பட்டறைகள், ஆலை ஷெட்டுகள் ஆகியவற்றில் எஞ்சியவை வண்ணாரப்பேட்டை முதல் ஓட்டேரி வரை ஆங்காங்கே நிற்கின்றன.

அப்படிப்பட்ட ஒரு கட்டடத்தை நூலகமாகவோ கைவினைக் கூடமாகவோ அலுவலகமாகவோ மாற்ற முனைபவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். 1880-க்கும் 1940-க்கும் இடையே கட்டப்பட்ட, செங்கல் சுவரும், கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டகமான டிரஸ்ஸும், ஓடோ தகரமோ வேய்ந்த கூரையும் கொண்ட, ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் பரப்புள்ள ஷெட் ஒன்றை மனத்தில் கொண்டு படித்தால் போதும். சுற்றுச்சூழல் நோக்கில் இந்த வேலையின் முதல் லாபம் இடிக்காமல் விடுவதிலேயே கிடைத்துவிடுகிறது. ஒரு டன் எஃகை இரும்புத்தாதுவிலிருந்து புதிதாக உருவாக்க 2 டன்னுக்கும் மேற்பட்ட கரியமிலவாயு வெளியேறுகிறது. உங்கள் தலைக்கு மேல் நிற்கும் டிரஸ்ஸுக்கான அந்தக் கணக்கு நூறாண்டுக்கு முன்பே முடிந்துபோன ஒன்று. அதன்பின் உள்வடிவமைப்பாளர் செய்ய வேண்டியது, அந்த லாபத்தைத் தவறான சிமென்ட்டாலும் தவறான குளிரூட்டலாலும் இழக்காமல் காப்பதே.

முதல் படி: ஒரு மழைக்காலம் முழுவதும் கட்டடத்தைக் கவனியுங்கள்

வரைபடம் போடுவதற்கு முன் ஐப்பசி, கார்த்திகை மழையை அந்தக் கட்டடம் எப்படித் தாங்குகிறது என்று பார்த்துவிடுங்கள். சென்னையில் ஆண்டுக்குப் பெய்யும் சுமார் 1,400 மி.மீ. மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கொட்டுகிறது. எந்த ஓட்டு வரிசையில் ஒழுகுகிறது, இரண்டு கூரைகள் சேரும் பள்ளக்கால்வாயில் தண்ணீர் எங்கே தேங்குகிறது, சுவரில் ஈரம் எவ்வளவு உயரம் ஏறுகிறது, தெருவிலிருந்து வெள்ளம் எந்த வாசல் வழியாக நுழைகிறது என்பவற்றையெல்லாம் கோடையில் செய்யும் எந்த ஆய்வும் முழுமையாகக் காட்டாது. விரிசல்களின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டுகளைக் காரை வைத்து ஒட்டித் தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது என்று பொருள். உடையாவிட்டால் அது பழைய காயம்.

இதே காலத்தில் அளவெடுப்பையும் முடித்துவிடலாம். தூண்கள், டிரஸ்கள், கதவுகள், ஜன்னல்கள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்துப் படமெடுத்து ஒரு பதிவேட்டில் ஏற்றுங்கள். கர்டர்களின் (இரும்பு உத்தரங்களின்) பக்கவாட்டில் உருக்காலையின் பெயர் புடைப்பெழுத்தில் இருக்கக்கூடும். கட்டடத்தின் வயதை உறுதிப்படுத்த அது பெரிதும் உதவும் என்பதால், பெயின்ட் அடிப்பவர்கள் அதைச் சுரண்டிவிடாமல் முதலிலேயே குறித்து வையுங்கள். பழைய எந்திர அடித்தளங்கள், தரைக்கடியில் ஓடும் பள்ளங்கள், சுவரில் சுழல்தண்டுக்காக விட்ட துளைகள் ஆகியவையும் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். பிற்பாடு மின்கம்பிகளையும் குழாய்களையும் சுவரை உடைக்காமல் கொண்டுசெல்ல அவையே வழிவிடும்.

இரண்டாம் படி: அனுமதிகள்

கட்டடம் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் உள்ளதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் வெளித்தோற்றத்தையும் அமைப்பையும் தொடும் வேலைகளுக்குப் பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவின் கருத்து தேவைப்படும். தொழிற்சாலைப் பயன்பாட்டிலிருந்து பொதுமக்கள் கூடும் பயன்பாட்டுக்கு மாறுவதால், 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி திட்ட அனுமதியும் தீயணைப்புத் துறையின் சான்றும் பெற வேண்டும். ராயபுரம், காசிமேடு போலக் கடலோரமாக இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளையும் சரிபாருங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான சாய்வுதளத்தைக் கடைசியில் ஒட்டவைக்காமல், 1-க்கு 12 என்ற சரிவில் முதல் வரைபடத்திலேயே சேர்த்துவிடுவது நல்லது.

மூன்றாம் படி: நஞ்சை அகற்றுதல்

அழகுபடுத்தும் எந்த வேலையும் இதற்குப் பிறகுதான். பழைய ஷெட்டுகளின் கூரையில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சிமென்ட் ஷீட்டுகளும், கொதிகலன் குழாய்களைச் சுற்றிக் கல்நார் உறையும் இருக்க வாய்ப்புண்டு. ஷீட்டை உடைத்தாலோ ரம்பத்தால் அறுத்தாலோ கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கலந்து நுரையீரலில் தங்கிவிடும். தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டுகளைக் கழற்றி, ஷீட்டை முழுதாக இறக்கி, தடித்த பாலித்தீனில் சுற்றி, அபாயகரக் கழிவு கையாள உரிமம் பெற்ற இடத்துக்கே அனுப்ப வேண்டும். குழாய் உறை எளிதில் பொடியாகக் கூடியது என்பதால் அதற்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் கட்டாயம் வேண்டும். இரும்புத் தூண்களின் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்றே கருதிக்கொண்டு, காய்ந்த நிலையில் உப்புத்தாள் போடுவதைத் தவிர்த்து, ஈரமாக்கிச் சுரண்டுங்கள். இந்த வேலையில் ஈடுபடும் ஒவ்வொருவருக்கும் தகுந்த முகக்கவசம் வாங்குவதை மதிப்பீட்டிலேயே தனிச் செலவாக எழுதுங்கள். நம்மில் பலர் இதைக் கொத்தனார், சித்தாள்களின் பொறுப்பாக விட்டுவிடுகிறோம். அது பெரிய அநீதி.

எண்ணெய் ஊறிய தரையையும் சோதியுங்கள். மேல்மண் மாசுபட்டிருந்தால், அங்கே மழைநீரை நிலத்தடிக்கு இறக்குவது அந்த மாசையும் சேர்த்து இறக்குவதாகிவிடும். நீர்த்திட்டம் முழுவதையும் இது மாற்றிவிடும்.

நான்காம் படி: இரும்பும் மரமும்

பழைய இரும்பு எல்லாம் ஒன்று என்று நினைப்பது ஆபத்து. பருமனான, உள்ளே வெற்றிடமுள்ள, தலைப்பகுதியில் பூவேலை கொண்ட வட்டத் தூண்கள் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அழுத்தத்தை அது நன்றாகத் தாங்கும். வளைவையும் இழுவிசையையும் தாங்காமல் முன்னறிவிப்பின்றி முறியும். எனவே அதில் துளையிடுவதோ வெல்டிங் வைப்பதோ கூடாது. தீப்பிடித்துச் சூடாக இருக்கும்போது தண்ணீர் பட்டாலும் விரிசல் விடக்கூடும் என்பதால், தீயணைப்பு ஏற்பாட்டைத் திட்டமிடுபவரிடம் இதைத் தெரிவித்துவிடுங்கள். 19-ஆம் நூற்றாண்டு டிரஸ்கள் தேனிரும்பாகவும், அதன் பிறகு வந்தவை எஃகாகவும் இருக்கலாம். பழைய எஃகில் கந்தகமும் பாஸ்பரஸும் மிகுந்திருந்தால் வெல்டிங் செய்த இடம் பலவீனமாகும். சிறு மாதிரி ஒன்றை ஆய்வகத்தில் சோதித்த பிறகே முடிவெடுங்கள். பழுதான பாகத்தைப் போல்ட்டுகளால் வலுப்படுத்துவது பெரும்பாலும் பாதுகாப்பானது. பாரம்பரியக் கட்டமைப்புகளின் பாதுகாப்புக்கென்று சென்னை ஐ.ஐ.டி.யில் தேசிய மையமே இருக்கிறது. தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையமும் உள்ளது. அனுபவமுள்ள கட்டமைப்புப் பொறியாளர் ஒருவருடன் சேர்ந்து இந்த நிறுவனங்களின் வழிகாட்டுதலைத் தேடுங்கள். சென்னை நிலநடுக்க மண்டலம் 3-இல் இருப்பதும், புயல் காற்றுக்கான வடிவமைப்பு வேகம் நொடிக்கு 50 மீட்டர் என்பதும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

டிரஸ்ஸில் துரு முதலில் தாக்கும் இடம், அது சுவரின் மேல் வந்து அமரும் முனை. கடற்காற்றின் உப்பும் கூரைக் கால்வாயின் ஒழுக்கும் அங்கேதான் சேர்கின்றன. நடுப்பகுதி பளபளவென்றிருப்பதைப் பார்த்து ஏமாறாமல், ஒவ்வொரு முனையையும் திறந்து பாருங்கள்.

அலுவலகப் பகுதியிலோ முகப்பிலோ மெட்ராஸ் டெரஸ் தளம் இருந்தால் அது பெரும் செல்வம். நெருக்கமாக அடுக்கிய தேக்குச் சட்டங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில் சுண்ணாம்புக் காரையில் பதித்து, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துப் பல நாள் மரக்கட்டையால் அடித்து இறுக்கிய தளம் அது. ஒழுகுகிறது என்பதற்காக அதன் மேல் சிமென்ட் கான்கிரீட் ஊற்றுவதே நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. அதனால் சட்டங்களின் மீது சுமை கூடுகிறது. உள்ளே புகுந்த ஈரம் மேலே ஆவியாக வழியில்லாமல் கீழிறங்கி, சுவருக்குள் புதைந்திருக்கும் சட்டத்தின் நுனியை உளுக்க வைக்கிறது. சேதமான மேல்தட்டு ஓடுகளை எடுத்துவிட்டுச் சுண்ணாம்பிலேயே மீண்டும் பதிப்பதுதான் சரியான பழுதுபார்ப்பு. சட்ட நுனிகளைத் தட்டிப் பார்த்து, உள்ளீடற்ற ஒலி வரும் இடத்தை மட்டும் வெட்டிவிட்டுப் பழைய தேக்கையே இணையுங்கள்.

ஐந்தாம் படி: சுவரைச் சுவாசிக்க விடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டுமே பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள் என்று சொல்வேன். பழைய சுவருக்கு ஈரத்தடுப்பு அடுக்கு பெரும்பாலும் இருக்காது. தரையின் ஈரம் உப்போடு சேர்ந்து ஏறும். சுண்ணாம்புப் பூச்சின் வழியாக அது ஆவியாகி வெளியேறும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேறும் வழி அடைபட்டு இன்னும் உயரே ஏறுகிறது; உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கல்லையே பொடியாக உதிர்க்கிறது. ஐந்தாறு ஆண்டுகளில் சிமென்ட் பூச்சு செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழுவதை வடசென்னையின் எந்தப் பழைய தெருவிலும் காணலாம்.

ஆகவே முன்பு யாரோ பூசிய சிமென்ட்டைப் பொறுமையாக, கையுளியால் நீக்குங்கள். சில மாதங்கள் சுவரை அப்படியே காயவிடுங்கள். பூக்கும் உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல், காய்ந்த தூரிகையால் பெருக்கி அள்ளி அப்புறப்படுத்துங்கள். கழுவினால் உப்பு மீண்டும் உள்ளே போகும். பிறகு, நீர்த்து இரண்டு மூன்று வாரமாவது ஊறிய சுண்ணாம்பை மணலோடும் செங்கல் தூளோடும் அரைத்துப் பூசுங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல உறிஞ்சி இறுகுவதால் ஒவ்வொரு பூச்சுக்கும் இடைவெளி வேண்டும். வெயிலில் சட்டென்று காயாமல் ஈரச் சாக்குகளால் மூட வேண்டும். தை முதல் சித்திரை வரை இந்த வேலைக்கு ஏற்ற காலம். மேல்பூச்சாகப் பிளாஸ்டிக் எமல்ஷனை விட்டுவிட்டு, சுண்ணாம்பையே அடியுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவருகிறார்கள். அப்படி ஒருவர் கிடைத்தால், இளம் கொத்தனார் இருவரை அவருடன் நிறுத்திக் கற்றுக்கொள்ளச் செய்வதற்கும் சேர்த்துக் கூலி ஒதுக்குங்கள்.

செங்கல்லை வெளியே காட்டும் மோகத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். உயர்நீதிமன்றத்தின் சிவப்புச் செங்கல் வெளியே தெரிவதற்கென்றே செய்யப்பட்டது. கிடங்குகளின் செங்கல் பல இடங்களில் மென்மையானது. பூச்சுக்குள் வாழ வேண்டியது. அதை உரித்து, மணலை வீசியடித்துச் சுத்தம் செய்து, வார்னிஷ் பூசினால் படத்தில் அழகாக இருக்கும்; ஆனால் செங்கல்லின் சுட்ட மேல்தோல் போய்விட்டதால் இரண்டு மழைக்காலத்தில் பொரியத் தொடங்கும். கட்டியபோதே பூசாமல் விட்டதா, பூச்சு விழுந்து தெரிகிறதா என்பதை உறுதிசெய்த பிறகே முடிவெடுங்கள்.

ஆறாம் படி: தண்ணீர்

1,000 சதுர மீட்டர் கூரையில் விழும் மழையில் 80 சதவீதத்தைப் பிடித்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 லட்சம் லிட்டர் கிடைக்கும். மண் சுத்தமாக இருந்தால் ஒரு பகுதியை நிலத்தடிக்கு அனுப்பலாம். மீஞ்சூர் பக்கம் கடல்நீர் நிலத்தடிக்குள் புகுந்த வரலாறு தெரிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும். மண் மாசுபட்டிருந்தால் பழைய எந்திரப் பள்ளங்களைத் தொட்டிகளாக மாற்றிச் சேமித்து, கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் பயன்படுத்துங்கள்.

வெள்ளத்தைப் பொறுத்தவரை, தரையை உயர்த்துவது பலரும் முதலில் நினைக்கும் தீர்வு. அதனால் தூணின் அடிப்பகுதி புதைந்து துருப்பிடிக்கும். சுவரின் ஈரமும் அதே அளவு மேலே ஏறும். அதைவிட, 2015, 2023 வெள்ளங்கள் அந்தத் தெருவில் எட்டிய உயரத்தை அக்கம்பக்கத்தாரிடம் கேட்டுச் சுவரில் குறித்து, மின்பலகை, சாக்கெட், சர்வர் ஆகிய அனைத்தையும் அதற்கு மேலே வையுங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே பிளைவுட்டும் ஜிப்சம் பலகையும் வேண்டாம். கடப்பாக் கல்லும் சுண்ணாம்பும் நனைந்தாலும் காயக்கூடியவை. கழிவுநீர்க் குழாயில் ஒருவழி வால்வு பொருத்தாவிட்டால் மழையில் சாக்கடை உள்ளே எதிர்த்து ஏறும்.

ஏழாம் படி: வெளிச்சமும் வெப்பமும்

ரம்பப் பற்கள் போன்ற கூரையில் வடக்கு நோக்கிக் கண்ணாடி வைத்த ஷெட்டுகளை நெசவாலைகளிலும் ரயில்வே பட்டறைகளிலும் காணலாம். இந்த வடிவம் இங்கிலாந்தில் பிறந்தது. அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கிலேயே இருப்பதால் வடக்குக் கண்ணாடி வழியாகப் பெரும்பாலும் நிழலற்ற சீரான ஒளியே வரும். சென்னையோ 13 பாகை வட அட்சரேகையில் உள்ளது. ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அக்கினி நட்சத்திரம் முழுவதும் அந்தக் காலத்துக்குள் அடங்குகிறது. ஆகவே நெசவாளிக்கு நிழல் தர வேண்டிய கண்ணாடி, ஆண்டின் மிகக் கொடிய வாரங்களில் வெயிலை உள்ளே இறக்குகிறது.

இதற்குக் கண்ணாடியை அடைத்துவிட்டுக் குழல்விளக்குப் போடத் தேவையில்லை. ஜூன் மாதத்திலும் நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து 10 பாகைதான் வடக்கே சாய்கிறது என்பதால், செங்குத்தாக நிற்கும் 1 மீட்டர் உயரக் கண்ணாடிக்கு 20 செ.மீ. நீட்டிய மேல்விளிம்பே நண்பகலுக்குப் போதும். காலை, மாலைச் சாய்வெயிலுக்குக் கண்ணாடியின் வெளியே செங்குத்துப் பலகைகள் வேண்டும். திரைச்சீலையை உள்ளே தொங்கவிட்டால் வெப்பம் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டிருக்கும். கண்ணாடி சாய்ந்திருந்தால் இந்த அளவுகள் கூடும். உங்கள் கட்டடத்தின் கோணத்துக்குச் சூரியப் பாதை வரைபடம் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூரையை வெளியே வெள்ளையாக்குங்கள். தகரக் கூரையின் அடியில் வெப்பக்காப்பு வையுங்கள். முகட்டிலுள்ள காற்றுப்போக்கிகளை அடைத்திருந்தால் திறந்துவிடுங்கள். உயரமான கூடத்தில் சூடான காற்று தானே மேலேறி வெளியேற அவையே வழி. கூடம் முழுவதையும் குளிரூட்டுவது மின்சாரத்தை வீணாக்குவதோடு சுவருக்கும் கேடு. கடலோர ஈரக்காற்று குளிர்ந்த பரப்பில் பட்டு வியர்த்து, பூச்சையும் மரத்தையும் பூஞ்சை பிடிக்கச் செய்யும். கூடத்துக்குப் பெரிய மெதுவிசிறிகளை வைத்து, குளிர்ச்சி கட்டாயம் தேவைப்படும் சந்திப்பு அறைகளையும் ஆவணக் காப்பறையையும் மட்டும் வெளிச்சுவரைத் தொடாத தனிப் பெட்டி அறைகளாக நடுவில் அமையுங்கள்.

எட்டாம் படி: புதியது தன் காலில் நிற்கட்டும்

உள்வடிவமைப்பு என்று நாம் வழக்கமாக அழைப்பது இங்கேதான் தொடங்குகிறது. இடைத்தளம், படிக்கட்டு, அறைகள் ஆகிய புதிய அமைப்புகள் அனைத்தும் தமக்கென்று தூண்களும் தமக்கென்று அடித்தளமும் கொண்டு, பழைய சுவரிலிருந்து ஒரு கை அகலமாவது விலகி நிற்க வேண்டும். இருக்கைகள் பொருத்தப்படாத கூட்ட அரங்குக்குச் சதுர மீட்டருக்கு 5 கிலோநியூட்டன் (சுமார் 500 கிலோ எடை) சுமை கணக்கிட வேண்டும் என்கின்றன இந்தியத் தரநிலைகள்; அந்தச் சுமையைப் பழைய டிரஸ்ஸில் தொங்கவிட நினைக்காதீர்கள். இணைப்புகள் போல்ட்டாக இருக்கட்டும். அடுத்த தலைமுறை இந்தக் கூடத்தை வேறொன்றாக மாற்ற விரும்பினால், அவர்கள் ஸ்பேனரோடு வந்து உங்கள் வேலையைக் கழற்றி எடுத்துச் செல்லக்கூடியதாக இருக்க வேண்டும். மின்கம்பிக்காகச் சுவரில் காடி வெட்டாமல், குழாய்களை வெளியே தெரியும்படி வரிசையாக ஓட்டுங்கள். ஆலைக் கட்டடத்தில் அது பொருத்தமாகவே தோன்றும்.

பொருள்களை வாங்கும் முன் கட்டடத்துக்குள்ளேயே தேடுங்கள். கழற்றிய தேக்குச் சட்டம் முதலில் சட்டமாகவே பழுதான இன்னோர் இடத்துக்குப் போகட்டும், அதற்கு உதவாதது கதவு நிலையாகட்டும், மிஞ்சியது மேசையாகட்டும். முதலிலேயே மேசையாக்கிவிட்டால் நல்ல நீளமான மரம் துண்டாகிவிடும். பற்றாக்குறைக்கு, நகரில் இடிமானப் பொருள் விற்கும் கடைகளில் பழைய தேக்கும் மங்களூர் ஓடும் கிடைக்கும். ஓட்டின் அடியிலுள்ள முத்திரையைப் பார்த்து ஒரே அச்சில் வந்தவற்றை எடுத்தால்தான் வரிசை பொருந்தி ஒழுகாமல் இருக்கும். மீட்கவே முடியாத இடிபாட்டை மாநகராட்சியின் கட்டுமானக் கழிவு மையத்துக்கு அனுப்புங்கள். கொடுங்கையூரிலேயே ஒன்று உள்ளது.

செங்கல், இரும்பு, கல்தரை மூன்றும் ஒலியை எதிரொலிக்கும். தேங்காய்நார்ப் பலகை, கோரைப் பாய், கைத்தறித் துணி போர்த்திய சட்டங்கள் ஆகியவற்றைத் தீத்தடுப்புப் பூச்சுடன் புதிய அமைப்பிலிருந்து தொங்கவிட்டால், பேச்சு தெளிவாகக் கேட்கும்; பழைய சுவரில் ஓர் ஆணியும் இறங்காது.

ஒன்பதாம் படி: உழைத்தவர்களின் இடம்

1918 ஏப்ரலில் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களை மையமாகக் கொண்டு எழுந்தது, பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதன் முன்னணியில் நின்றார்கள். 1921 வேலைநிறுத்தமும், அதையொட்டிப் புளியந்தோப்பில் சாதியின் பெயரால் மூண்ட மோதலும் அந்த வரலாற்றின் பகுதிகளே. எந்திரச் சக்கரத்தைப் பெயின்ட் அடித்து வரவேற்பறையில் நிறுத்திவிட்டு, அதை இயக்கியவரைப் பற்றி ஒரு வரியும் எழுதாத வடிவமைப்பை நான் ஏற்பதில்லை. உங்கள் கட்டடத்தில் வேலை செய்தவர்களோ அவர்கள் பிள்ளைகளோ பெரும்பாலும் இரண்டு தெரு தள்ளி இருப்பார்கள். எந்த எந்திரம் எங்கே நின்றது, எந்த வாசலில் சோதனை போட்டார்கள், எங்கே அமர்ந்து சாப்பிட்டார்கள் என்று அவர்களிடம் கேட்டு, தரையிலும் சுவரிலும் தமிழில் குறியுங்கள். கூடத்தின் ஒரு பகுதியை மாலை நேரங்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் படிக்கவும் கேரம் ஆடவும் கட்டணமின்றித் திறந்துவிடுவதைத் திட்டத்திலேயே எழுதுங்கள். அவர்களுக்குத் தனி வாசலும் குடிநீரும் கழிப்பறையும் வேண்டும்.

பத்தாம் படி: ஆண்டுப் பராமரிப்பு

செலவுத் திட்டத்தில் 15 முதல் 20 சதவீதத்தை எதிர்பாராத பழுதுகளுக்கு ஒதுக்குங்கள். பழைய கூரையைத் திறந்தால் ஏதாவது வெளிப்படாமல் இராது. பணிகள் முடிந்த பின் பராமரிப்பை நம் நாள்காட்டியோடு இணைத்துவிடுங்கள். ஆவணியில் கூரைக் கால்வாய்களைச் சுத்தம் செய்து உடைந்த ஓடுகளை மாற்றுங்கள். மழை முடிந்ததும் கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றுகளையும் ஆலங்கன்றுகளையும் பிஞ்சிலேயே அகற்றுங்கள். வேர் ஊன்றிய பிறகு பிடுங்கினால் காரையும் சேர்ந்து வரும் என்பதால், வளர்ந்துவிட்டவற்றை வெட்டி வேரை வாடவிட வேண்டும். போகிக்கு முன் ஒரு கை சுண்ணாம்பு அடியுங்கள். சித்திரையில் டிரஸ் முனைகளைப் பார்த்துத் துருவைச் சுரண்டி, துத்தநாக பாஸ்பேட் பிரைமர் பூசுங்கள். இவை ஒவ்வொன்றையும் முதல் படியில் திறந்த அதே பதிவேட்டில் தேதியோடும், செய்த கொத்தனார் அல்லது ஆசாரியின் பெயரோடும் எழுதி, சுண்ணாம்புக் கலவையின் விகிதத்தையும் குறித்து, கட்டடத்திலேயே வெள்ளக் கோட்டுக்கு மேலுள்ள ஓர் அலமாரியில் வையுங்கள்.